களப்போரம் – 14: கண்ணாடி அலுமாரியில் ஓர் அமரோனே

கொழும்பிலிருந்து சிலாபம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, கொச்சிக்கடையில் மகா ஓயாவைக் கடந்து புத்தளம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வீடுகளின் முகம் மாறுவது தெரியும். உருண்டைத் தூண்கள், வளைவு வாசல்கள், மாடியின் முழு அகலத்துக்கும் ஓடும் பல்கனி. அவற்றில் பல வீடுகளின் ஜன்னல்கள் பகலிலும் சாத்தியே கிடக்கும். வென்னப்புவவைச் சிங்களத்தில் ‘புஞ்சி இத்தாலிய’ என்பார்கள். சின்ன இத்தாலி.

இந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. 1980களிலிருந்தே வென்னப்புவ, மாரவில, நாத்தாண்டிய, சிலாபம் பக்கத்துப் பிள்ளைகள் இத்தாலிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் தொடர்புகளைப் பிடித்துப் போனவர்கள் முதலில். அவர்கள் அழைத்துக்கொண்ட உறவினர்கள் அடுத்து. வேறு வழியில்லாமல் படகேறியவர்களும் உண்டு. 1990இல் மார்தெல்லி சட்டத்தோடும், 2002இல் போஸ்ஸி–பீனி சட்டத்தோடும் வந்த குடியேறிகள் பதிவுகளில் பலருக்கு அங்கே தங்குவதற்கான தாள் கிடைத்தது. இன்று இத்தாலியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் இருக்கிறார்கள். மிலான், நாபோலி, ரோமாபுரி, மெசினா, கத்தானியா, வெரோனா. பெரும்பாலும் வீட்டு வேலை, முதியோரைப் பார்க்கும் வேலை. 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக நாடு முழுவதற்கும் ஊரடங்கு வருமுன்னரே புத்தளம் மாவட்டப் பகுதிகளிலும் கொச்சிக்கடையிலும் ஊரடங்கு போட்டார்கள். அதுவரை அள்ளிக் கொடுத்தவர்களாகத் தெரிந்த ‘இத்தாலிக்காரர்’ ஒரே வாரத்தில் நோய் கொண்டுவந்தவர்களாகப் பேசப்பட்டார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது.

நான் இந்த வாரம் எழுத வந்தது அந்த வீடுகளின் வரவேற்பறையில் நிற்கும் கண்ணாடி அலுமாரியைப் பற்றி. மாதா சுரூபம், பிள்ளையின் முதல்நன்மைப் படம், வெனிஸ் கண்ணாடிக் கிண்ணம், இவற்றுக்கு நடுவே நிமிர்த்தி வைத்த ஒரு வைன் போத்தல். லீவில் வந்த மகனோ மகளோ கொண்டுவந்தது. அதைத் திறக்கமாட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக ஐந்து வருடம், பத்து வருடம் அங்கேயே நிற்கும்.

மாரவிலவுக்கு வடக்கே, கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு வீட்டில் அப்படியொரு போத்தலை அண்மையில் கையில் எடுத்துப் பார்த்தேன். லேபிளில் ‘அமரோனே தெல்லா வல்பொலிச்செல்லா’ என்றிருந்தது. வீட்டுக்கார அக்கா வெரோனாவில் ஒரு மூதாட்டியைப் பதினாறு வருடம் பார்த்துக்கொண்டவர். வல்பொலிச்செல்லா என்பது அந்த வெரோனா நகரத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் கிடக்கிற திராட்சைத் தோட்ட நாடு. போத்தலின் மதிப்புத் தெரியாமல் அவர் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அது என் பிழை. அந்த மூதாட்டிக்கு ஞாயிறுதோறும் இறைச்சி சமைத்துக் கொடுத்தவர் அவர். எந்தச் சட்டிக்கு எந்தப் போத்தல் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அமரோனே எப்படி உண்டாகிறது என்பதை, கற்பிட்டி மீன்வாடிகளில் கருவாடு காய்வதைப் பார்த்த ஒருவருக்குச் சொல்வது சுலபம். அங்கேயும் வேலை தண்ணீரைப் போக்குவதுதான். செப்டெம்பர், ஒக்டோபரில் பறித்த திராட்சைக் குலைகளை உடனே பிழியமாட்டார்கள். கொர்வினா, கொர்வினோனே, ரொந்தினெல்லா என்ற உள்ளூர்ச் சாதிகள். குலையில் மணிகள் நெருக்கமில்லாமல், காற்றுப் புகுகிற மாதிரி இருக்கவேண்டும். அவற்றை மாடிக் கூடங்களில், மூங்கில் தட்டிகளிலோ ஆழமில்லாத பெட்டிகளிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி மூன்று, நான்கு மாதம் விடுவார்கள். மீனுக்கு உப்பும் வெயிலும். திராட்சைக்கு நிழலும் மலைக்காற்றும். ஈரம் ஏறினால் இரண்டுக்கும் ஒரே கதிதான், அழுகல். வாடியில் மழை கறுத்தால் பெண்கள் பாயைச் சுருட்ட ஓடுகிற மாதிரி, அங்கே பனிமூட்டம் வந்தால் குலைகளைப் புரட்டிப் பார்ப்பார்கள். இப்போது பெரிய மின்விசிறிகளும் வந்துவிட்டன.

காய்ந்து முடியும்போது பழம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலேயோ இழந்திருக்கும். நாம் கேக்குக்குப் போடும் முந்திரிகை வற்றலுக்குப் பாதி வழியில் நிற்கிற பழம். இந்த ‘முந்திரிகை’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு அதுதான் பெயர். பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் பூசை வைன் ‘முந்திரிகை இரசம்’. அமரோனேயை நம் தமிழில் சொல்வதானால் முந்திரிகை வற்றலின் இரசம் என்பேன்.

வற்றியதால் இனிப்பு திரண்டிருக்கும். மாரிக் குளிரில் பிழிந்து, ஆறுதலாகப் புளிக்கவிட்டால் அந்த இனிப்பு முழுவதும் மதுசாரமாகும். சட்டப்படி 14 வீதத்துக்குக் குறையக் கூடாது. பெரும்பாலும் 15, 16 வீதம் வரும். பிறகு குறைந்தது இரண்டு வருடம் முதிர வைக்கவேண்டும். ‘ரிசெர்வா’ என்று போட்டிருந்தால் நான்கு வருடம். இத்தாலி தன் வைன்களுக்குத் தரும் உச்சச் சான்று இதற்கு 2010இல் கிடைத்தது.

இதன் முன்னோர் இனிப்பு வைன். ‘ரெச்சொத்தோ’ என்று பெயர். அதே வற்றல் பழத்தில் செய்து, இனிப்பு மீந்திருக்கும்போதே புளிப்பதை நிறுத்திவிடுவார்கள். நெக்ரார் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் 1936இல் ஒரு ரெச்சொத்தோப் பீப்பாயை மறந்து விட்டார்களாம். ஈஸ்ட் இனிப்பை முழுக்கத் தின்று தீர்த்தது. பொறுப்பாளர் அதெலினோ லூக்கேசே திறந்து சுவைத்துப் பார்த்து, இது ‘அமாரோ’ இல்லை, ‘அமரோனே’ என்றாராம். அமாரோ என்றால் கசப்பு, அமரோனே பெருங்கசப்பு. அந்தப் பக்கம் எல்லோரும் சொல்கிற கதை இது.

பெயரில்தான் கசப்பு பெரிது. வாயில் முதலில் வருவது உலர்ந்த செர்ரியும் அத்திப்பழமும், கொஞ்சம் கறுவா, கொஞ்சம் கொக்கோ. கடைசியில் பாகற்காயின் நிழல் மாதிரி ஒரு கசப்பு விழும். ‘கனமான வைன்’ என்பதைத் தேங்காய்ப் பால் பிழிகிறவர்களுக்கு ஒரு வார்த்தையில் புரியவைக்கலாம்: முதற்பால். நாக்கில் அப்படித்தான் நிற்கும். பொதுவான சிவப்பு வைன்கள் இரண்டாம் பால், மூன்றாம் பால்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். அக்கா முதலில் சொன்னது ஒரு எச்சரிக்கை.

“தம்பி, இத மீனோட குடிக்காதீங்க. வாய் துருப்பிடிச்ச மாதிரி ஆயிரும்.”

துரு என்ற சொல்லை அவர் தன் நாக்கிலிருந்து எடுத்தார். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியதும் அதைத்தான். சிவப்பு வைனில் கரைந்திருக்கும் இரும்பு, மீனோடு சேரும்போது அந்தக் கெட்ட மீன்வாடையைக் கிளப்புகிறது. இந்தக் கரையின் பெருமையெல்லாம் மீனும் இறாலும் களப்பு நண்டும்தான். அவற்றில் ஒன்றுகூட அமரோனேக்கு ஆகாது. கருவாடு உறவுமுறையில் அதன் ஒன்றுவிட்ட சகோதரம் என்றாலும் ஒரே பந்தியில் இருத்த முடியாது. நண்டுக் கறிக்கு இந்த மண்ணின் துணை தென்னங்கள்ளுத்தான். காலையில் இறக்கி, மாலைக்குள் புளித்து, நாலைந்து வீத மதுசாரத்தோடு நிற்கிற அந்த வெள்ளைக் கள்ளுக்கு முன்னால் எந்த வெளிநாட்டுப் போத்தலையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆனால் பன்றி? அங்கேதான் இந்தக் கரைக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது.

வெரோனாக்காரர்கள் அமரோனேயோடு உண்பவை எல்லாம் நேரமெடுத்துச் சமைத்த இறைச்சிகள். மாட்டிறைச்சித் துண்டத்தை அதே வைனில் மணிக்கணக்காகப் புழுங்கவிடும் பிராசாத்தோ. குதிரை இறைச்சியில் செய்யும் பஸ்திஸ்ஸாதா. வைனையே ஊற்றிச் சோற்றைச் சிவக்கவைக்கும் ரிசொத்தோ. நன்றாக முதிர்ந்த மொந்தே வெரோனேசே, பார்மிஜானோ சீஸ்கள். எல்லாவற்றிலும் கொழுப்போ நீண்ட நேர நெருப்போ இருக்கிறது. காரணம் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்பு, பாக்கைப் போலவும் நாவற்பழத்தைப் போலவும், உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்து நாக்கை வறட்டும். இறைச்சியும் கொழுப்பும் வந்தால் துவர்ப்பு அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். வாய் வழுவழுப்பாகும், கொழுப்பின் திகட்டலும் போகும்.

இப்போது நம் கத்தோலிக்க வீடுகளின் கறுத்தப் பன்றிக் கறியைப் பாருங்கள். தோலும் கொழுப்பும் சேர்ந்த துண்டுகள். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் கரியின் விளிம்புவரை வறுத்து அரைத்த தூள். கொறுக்காய்ப்புளி, கறுவா, கராம்பு, ரம்பை, கைநிறைய மிளகு, ஒரு கரண்டி கள்ளு வினாகிரி. தேங்காய்ப் பால் கிடையாது. இறைச்சி தன் கொழுப்பிலேயே வெந்து, சாறு வற்றி, சட்டியோரத்தில் எண்ணெய் பிரியும்வரை அடுப்பை விட்டு நகரக்கூடாது. வறுத்த தூளின் கருகல் மணமும் அமரோனேயின் கொக்கோ மணமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கொறுக்காயின் புளிப்பு அந்தப் பெருங்கசப்பை அடக்கி, உள்ளே கிடக்கும் பழத்தை முன்னே கொண்டுவருகிறது. பிராசாத்தோவுக்கு மிக நெருக்கமான கறியை ஊரில் செய்துகொண்டேதான் நாம் இத்தனை காலம் போத்தலைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம்.

வினாகிரிக்கும் ஒரு பழைய கதை உண்டு. போர்த்துக்கேயர் இறைச்சியை வைனிலும் வெள்ளைப்பூண்டிலும் ஊறவைப்பார்கள். கோவாவில் வைனின் இடத்தைக் கள்ளு வினாகிரி எடுத்துக்கொண்டது. அந்தச் சமையலின் பெயரே விந்தாலுவாக மாறியது. நம் சட்டியில் விழும் அந்த ஒரு கரண்டி வினாகிரியும் அந்த வழியில் வந்ததென்றே நான் எண்ணுகிறேன். அப்படியானால் இந்தக் கறிக்குப் பக்கத்தில் வைன் வந்து உட்காருவது புதுப் பழக்கமில்லை.

அந்தப் போத்தலைத் திறப்பதற்காக அன்று இந்தக் கறியைச் சமைத்தபோது அக்கா ஒரு மாற்றம் மட்டும் செய்தார். மிளகாய்த்தூளைக் கால்வாசியாகக் குறைத்து, மிளகைக் கூட்டினார். மதுசாரம் கூடிய வைன் மிளகாயின் எரிவை ஊதிப் பெருக்கிவிடும். பிறகு வைனும் தெரியாது, கறியும் தெரியாது. மிளகின் உறைப்பு அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. சோற்றோடு பருப்பும் வைத்தார். பச்சைமிளகாய்ச் சம்பலை என் பக்கத்திலிருந்து எடுத்து அப்பால் வைத்துவிட்டார்.

பன்றி எல்லோருக்கும் ஆகாது. மாட்டிறைச்சியை மிளகு போட்டு வரட்டினாலும் இதே பொருத்தம் கிடைக்கும். இறைச்சி தொடாதவர்கள் முதிர்ந்த சீஸையும் கஜுவையும் வைத்துக்கொள்ளலாம். குடிக்காத வீட்டில் இந்தக் கட்டுரைக்காக யாரும் போத்தல் திறக்கவேண்டாம். கசிப்பும் சாராயமும் இந்தக் கரையின் எத்தனை குடும்பங்களைத் தின்றன என்பதைப் பெண்களிடம் கேட்டு அறிந்தவன் நான். அமரோனே சோற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஆறுதலாக ஒரு கிளாஸ் பருகுவதற்கானது. ஒரு போத்தல் நான்கைந்து பேருக்குக் காணும்.

போத்தல் வைத்திருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்று எழுதியிருந்தால், அது வெரோனாவின் கல்வீட்டு அறை, 18 பாகை அளவு. நம் 30 பாகையில் மதுசாரம் மட்டும்தான் மூக்கில் ஏறும். சாப்பிட ஒன்றரை மணி நேரத்துக்கு முன் திறந்து, வாயகன்ற சாடி ஒன்றில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். இன்னும் சில மாதம் வைத்திருக்கவேண்டுமென்றால் வீட்டின் மிகக் குளிர்ச்சியான, இருட்டான மூலையில் படுக்கவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், காற்றுப் புகும், வைன் வினாகிரிப் பக்கம் போய்விடும். கண்ணாடி அலுமாரியின் வெளிச்சமும் வெக்கையும் அதற்கு எமன். வெரோனாவின் மலைப் பாதாள அறையில் இருபது வருடம் வாழும் அமரோனே, வென்னப்புவ வரவேற்பறையில் சில கோடைகளுக்கு மேல் தாங்காது.

அன்று நாங்கள் திறந்த போத்தல் நான்கு வருடம் அலுமாரியில் நின்றது. தக்கை பாதியில் பொடிந்தது. துணியில் வடித்து ஊற்றினோம். செர்ரி மணம் மங்கி, கொஞ்சம் காய்ந்த தோல் வாடை வந்திருந்தது. ஆனாலும் உயிர் இருந்தது. கறி வாயில் இருக்கும்போதே ஒரு மிடறு குடித்தேன். நெடுநேரம் நான் ஒன்றும் பேசவில்லை. அக்கா தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தான் பார்த்த மூதாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கடைசி வருடத்தில் அந்த அம்மாவுக்குப் பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட மறந்துபோனதாம். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிச் சட்டியின் மணம் வந்தால் மட்டும், தானே எழுந்துபோய் மேசையில் இரண்டு கிளாஸ் வைப்பாராம். ஒன்று தனக்கு, மற்றது அக்காவுக்கு.

வாசகர்களே, உங்கள் அலுமாரியிலும் பிள்ளைகள் கொண்டுவந்த ஒரு போத்தல் நின்றால், லேபிளை ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘அமரோனே’ என்றோ, அதே பழச் சக்கையின் மேல் வல்பொலிச்செல்லா வைனை ஊற்றிச் செய்த விலை குறைந்த ‘ரிப்பாஸ்ஸோ’ என்றோ இருந்தால், அடுத்த லீவுவரை காத்திருங்கள். கொண்டுவந்த பிள்ளை வந்திருக்கிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, கறியை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திறவுங்கள்.

அக்காவிடம் இன்னும் ஒரு போத்தல் இருக்கிறது. இப்போது அது அரிசி வாளிக்குப் பின்னால், ஈரச் சாக்குக்கு அடியில் படுத்திருக்கிறது. மகன் நத்தாருக்கு வருகிறான்.