ஒழுகும் ரேடியேட்டர்

பழம்பொருளைப் பேணும் அருமையைத் திருக்கோகர்ணத்தில் 1910இல் தோன்றிய அருங்காட்சியகம் நமக்குக் கற்பிக்கின்றது. பழைய மோட்டார் வண்டிகளுக்கும் அது பொருந்தும்.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நீரிறைக்கும் பம்பு இல்லை. சூடேறி இலேசான நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, குளிர்ந்து கனத்து, கீழ்க்குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பும். ஒழுக்கினால் நீர்மட்டம் மேற்குழாய்க்குக் கீழே தாழ்ந்தால் இவ்வோட்டம் நின்றுவிடும். எஞ்சின் கொதித்துக் கெடும். ஆகவே சிற்றொழுக்கும் சிறிதன்று.

எஞ்சின் ஆறுவதற்கு முன் மூடியைத் திறத்தல் கூடாது, ஆவி சுட்டுவிடும். செம்பு 1,085 சென்டிகிரேடு பாகையில்தான் உருகும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசோ 300 பாகைக்குள் உருகும். ஆதலின் ஓட்டையைத் துலக்கிப் பற்றவைக்கலாம். மெல்லிய குழாய்களே அரித்துப்போயிருந்தால், நடுப்பகுதியை மட்டும் மாற்றி, மேல்கீழ்த் தொட்டிகளைக் காத்துக்கொள்ளலாம். நைந்ததை மாற்றி நல்லதை நிறுத்துவதே பேணும் முறையாகும்.