நரம்பின் நாசமும் ரத்தத்தின் சாக்ஷியமும்

தேனாம்பேட்டை டி. எம். எஸ். வளாகத்தில் அமர்ந்து தமிழ்நாட்டின் சுகாதாரத்தைப் பரிபாலிக்கும் அதிகாரிகளுக்கு நாம் ஒரு விஷயத்தை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் வியாதியில் தேகத்தின் ரக்ஷண சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்குகிறது. 1868-ல் பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ இதை விவரித்தார். உறை மாத்திரமன்று, உள்ளிழையும் அறுபடுகிறதென 1998-ல் அமெரிக்காவில் டிராப் குழுவினர் காட்டினர். அறுந்த இழையினின்று நியூரோபிலமெண்ட் என்னும் புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் சில பிகோகிராம். ஒரு பிகோகிராமாவது, கிராமில் லக்ஷம் கோடியில் ஒரு பங்கு! அதையும் இன்று அளக்கிறார்கள். நோயாளி நடமாடுகையிலேயே உள்ளே நிகழும் நாசத்தை இது உணர்த்தக்கூடும். தக்க மருந்து பலித்தால் அளவு இறங்குகிறது.

ஆயினும் இதுவே வியாதியை நிர்ணயிக்குமென மயங்கலாகாது. பக்கவாதத்திலும் இது ஏறும், வயதுடன் கூடும், பருத்த தேகத்தில் குறைந்து காணும். ஆகையால் ஐரோப்பியரின் அளவுகோலால் நம்மவரை அளப்பது நியாயமாகுமா? சுகதேகிகளான நம் ஜனங்களின் அளவை வயதுவாரியாக நாமே கணக்கிட வேண்டும்.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வியாதியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மெத்தச் சரி. ஆனால் அது கால் தளர்ந்தபின் வரும் சர்ட்டிபிகேட். தளருமுன் செய்யும் இப்பரிசோதனை சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைக்கும் கிட்டுவதற்கான திட்டத்தை அதிகாரிகள் வகுப்பார்களாக.