ஊசி போட்டாச்சு... அப்புறம்?

எந்தக் கழிவு எதில் போக வேண்டும் என்று வார்டில் இருக்கும் எந்த ஸ்டாஃப் நர்ஸிடமும் கேட்டுப் பாருங்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பை. ஐ.வி. செட், கையுறை சிவப்பு. கண்ணாடி மருந்துக் குப்பி நீலம். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பா. மூச்சு விடாமல் ஒப்பிப்பார். 1998 விதிகளில் 10 வகையாக இருந்த மருத்துவக் கழிவை 2016 விதிகள் 4 நிறங்களுக்குள் அடக்கிவிட்டன, பாடம் எளிதாகிவிட்டது. பயிற்சி போதாது என்பவர்களும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி விதிப்படியே கட்டாயம்தான். ஆனால் கோளாறு பாடத்தில் இல்லை. நர்ஸுக்கு நேரம் இல்லாததில் இருக்கிறது.

இரவுப் பணியில் ஒருவர் ஊசி போட்டு முடிக்கிறார். போட்ட ஊசியை வெட்டும் ஹப் கட்டர் வார்டின் மறுகோடியில், மேசை மேல் இருக்கிறது. அதற்குள் அடுத்த கட்டிலில் சலைன் தீர்ந்து, "சிஸ்டர், சிஸ்டர்" என்று குரல். திறந்த ஊசியை டிரேயில் போட்டுவிட்டு ஓடவும் பயம். இடது கையில் மூடியைப் பிடித்து, வலது கையால் ஊசியை அதற்குள் செருகுகிறார். கூடவே கூடாது என்று முதலாண்டிலேயே படித்த காரியம் அது. கை சற்று நழுவினால் விரலில் குத்து.

இந்தக் குத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், தொற்றும் வாய்ப்பு 100-க்கு 30 வரை போகலாம். எச்.ஐ.வி. என்றால் 1,000-க்கு 3 அளவில். அதற்கான தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஆனால் வெளியில் சொன்னால் "ஏன் மூடி மாட்டினாய்?" என்ற அதட்டல்தான் முதலில் வருகிறது. பயிற்சி மாணவி பக்கத்தில் நிற்கும் சீனியர் அக்காவிடம்கூடச் சொல்லாமல், குழாயடியில் விரலைக் கழுவிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறாள்.

அந்த அவசரத்தில் ஒரு ஊசி மஞ்சள் பைக்குள் விழுந்தால்? பையை இறுக்கிக் கட்டித் தூக்கும் தூய்மைப் பணியாளரின் தொடையில் அது ஏறும். நர்ஸுக்காவது எந்த நோயாளியின் ஊசி என்று தெரியும். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கலாம். இவருக்கு அதுவும் இல்லை. பை மேல் ஒட்டிய பார்கோடு ஆஸ்பத்திரியைக் காட்டுமே தவிர நோயாளியைக் காட்டாது. கழிவைத் தொடும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்கிறது விதி. ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு மூன்று தவணையும் முடிந்திருக்கிறது என்று ஒவ்வொரு நிர்வாகமும் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

வெட்டாத ஊசி ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் ஆளைக் கொல்லும். 2009-இல் குஜராத்தின் மொடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஹப் கட்டர் மேசையில் இருக்க வேண்டிய பொருள் அல்ல; ஊசி போடும் டிராலியோடு கட்டிலருகே வர வேண்டும். வெள்ளை டப்பா முக்கால் பங்கு நிறைந்ததுமே மாற்ற வேண்டும். குத்துப்பட்டவரை விசாரிப்பதற்கு முன்னால் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். நோயாளிக்குத் துணையாக வார்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: போட்ட ஊசியை நர்ஸ் வெட்டி டப்பாவில் போட்டு முடிக்கும்வரை, உயிர் போகிற அவசரம் இல்லையென்றால், அவரைக் கூப்பிடாதீர்கள்.