அலுவலக வாசலுக்கு முன்னால் முந்நூறு மீட்டர்

சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் 2022 ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். புதன்கிழமைகளில் ஊழியர்கள் சொந்த வண்டியை எடுக்காமல் பஸ், ரயில், சைக்கிள், நடை என்று வேறு எதிலாவது வேலைக்கு வர வேண்டும். செய்தி வந்த நாள்முதல், எந்த அரசு அலுவலகத்தில் டீ நேரத்தில் இந்தப் பேச்சு எழுந்தாலும் இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. மனசு வைத்தால் முடியும் என்கிறது ஒரு கட்சி. நடக்கிற காரியமா என்கிறது இன்னொன்று. இரண்டுமே ஊழியரின் மனசைப் பற்றித்தான் பேசுகின்றன. எனக்கு அலுவலக வாசலைப் பற்றிப் பேச வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை, இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வரும். "சார், பெட்ரோலோட எடையே முக்கால் கிலோதானே, புகை மட்டும் எப்படி ரெண்டு கிலோவுக்கு மேல வரும்?" என்று புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பெட்ரோலில் இருக்கும் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கூடுகிற எடை அந்த ஆக்சிஜனுடையது. இப்போது, போக வர 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் தனியாக வருபவர் ஒரு நாளைக்கு 4.6 கிலோ விடுகிறார். 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டரில் வருபவர் ஒன்றரைக் கிலோ. வருஷத்துக்கு 230 வேலை நாள் என்றால் காருக்கு ஒரு டன்னைத் தாண்டும், ஸ்கூட்டருக்கு 350 கிலோ ஆகும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வண்டியை விட்டாலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

மின்சார வண்டி வாங்கிவிட்டால் போதாதா என்றால், புகைக்கு நல்லது, வாங்குங்கள். ஆனால் நிறுத்துவதற்கு அதற்கும் அதே இடம் வேண்டும், இடித்தால் அதன் எடையும் குறைவில்லை.

சென்னையில் அரசு அலுவலகங்கள் இருக்கும் இடங்களைப் பார்த்தால், வண்டியை விடுவது சுலபம் என்றே தோன்றும். தலைமைச் செயலகத்துக்குக் கோட்டை ரயில் நிலையம் நடக்கிற தூரம். எழிலகத்துக்குச் சேப்பாக்கம் பறக்கும் ரயில் இருக்கிறது. ஓமந்தூரார் வளாகத்துக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ. டி.எம்.எஸ். வளாகத்தின் பெயரிலேயே தேனாம்பேட்டையில் ஒரு மெட்ரோ நிலையம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். இவ்வளவு இருந்தும் காலை ஒன்பதரை மணிக்கு அலுவலக வளாகங்கள் டூவீலரால் நிரம்புகின்றன. ஏன்?

பஸ்ஸில் வருகிற யாரும் பஸ்ஸிலேயே பிரிவுக்குள் வந்து இறங்குவதில்லை. வீட்டிலிருந்து ஸ்டாப் வரை ஒரு நடை, இறங்கிய ஸ்டாப்பிலிருந்து அலுவலகக் கேட் வரை இன்னொரு நடை. பயணத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டும்தான். அந்த இரண்டாவது நடையை ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். நடைபாதை இருக்கும். அதில் பத்தடி போனதும் மின்பெட்டி நடுவில் நிற்கும். சுற்றிப் போக ரோட்டில் இறங்க வேண்டும். திரும்ப ஏறலாம் என்றால் விளிம்பு முழங்கால் உயரம். ஏறினால் அடுத்த இருபதடிக்கு வரிசையாக டூவீலர்கள், பெரும்பாலும் அந்த அலுவலகத்துக்கு வந்தவர்களுடையவை. அப்புறம் ஒரு சிமெண்டுப் பலகை உடைந்து கீழே வடிகால் தெரியும். கடைசியில் கேட்டுக்கு நேர் எதிரே வந்து நிற்பீர்கள், நடுவில் ஆறு வழிச் சாலை. மழை நாளில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் குடையுமாக இந்த முந்நூறு மீட்டரைத் தாண்டிய ஓர் அக்கா அடுத்த மாதமே கடன் போட்டு ஸ்கூட்டி எடுத்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட நடைவசதி வழிகாட்டி நெறிமுறையில், தடங்கல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் இடிக்காமல் போகிற அகலம் அது. உயரத்துக்கும் காரணம் உண்டு. அதிகமாக உயர்த்திக் கட்டினால் வயதானவர்கள் ஏறுவதில்லை, ரோட்டிலேயே நடப்பார்கள்.

ரோட்டில் நடந்தால் என்ன ஆகிறது? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நடப்பவர்தான் பார்த்துப் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் கணக்கிட்டால் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியும்.

ஓட்டுநர் உங்களைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பின் நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த முதல் நொடியிலேயே 14 மீட்டர் போய்விடும், பிரேக் பிடித்த பின் இன்னொரு 14. இப்போது நீங்கள் வண்டிக்கு 13 மீட்டர் முன்னால் சாலையில் கால் வைக்கிறீர்கள். முதல் வண்டி உங்களைத் தொடாமல் நிற்கிறது. இரண்டாவது வண்டி உங்களை இடிக்கும்போது அதன் ஓட்டுநர் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார், முழு 50-லும் வந்து இடிக்கும். இரண்டு ஓட்டுநர்களுமே கவனமானவர்கள்தான், நீங்களும் அதே ஆள்தான். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை கார்களுக்கு 60, டூவீலர்களுக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 என்று வரம்பு வைத்தது. அரசு அலுவலக வாசல்களும் அந்த 30 வரிசையில் சேர வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் சிக்னல். நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்பதுதான் வழக்கமான கணக்கு. 20 மீட்டர் அகலச் சாலைக்கு 17 நொடி. ஓய்வூதியம் தொடர்பாக மனுவோடு வரும் எழுபது வயதுப் பெரியவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 25 நொடி வேண்டும். பச்சை அணையும்போது அவர் நடுரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார். அதனால் நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு கட்டாயம் வேண்டும். நடைமேம்பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறோமே என்பார்கள். கீழே லாரி போவதற்கு ஐந்தரை மீட்டர் இடைவெளி விட்டு, படிக்கு 15 சென்டிமீட்டர் என்று கட்டினால், ஏற 37 படி, இறங்க 37 படி. முழங்கால் வலி உள்ளவருக்கு அது பாதையே இல்லை. வண்டிதான் மெதுவாகப் போக வேண்டும், மனிதர் தரையிலேயே கடக்க வேண்டும். கோடு போட்ட இடத்தில் நடப்பவருக்கு வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன. அந்த இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கிவிட்டால் வண்டி தானாக வேகம் குறைக்கும், போலீஸ்காரர் நிற்கத் தேவையில்லை.

இதெல்லாம் கேட்டு வாங்குகிற சலுகையும் இல்லை. 2014-இலேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை வகுத்து, தன் போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குப் போட்டார். விபத்தில் சிதைந்த கை கால்களைப் பார்ப்பதே தொழிலானவர் போட்ட வழக்கு. அதே வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

நம் அலுவலகம் இதில் என்ன செய்ய முடியும்? நிறையவே. கேட்டுக்கு வெளியே ரோடு மாநகராட்சியுடையது, சிக்னல் போலீஸுடையது, உண்மைதான். ஆனால் ஒரு துறைத் தலைவர் கையெழுத்திட்டு மண்டல அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் போகிற கடிதத்துக்கு, பொதுமக்கள் மனுவைவிட வேகம் உண்டு. கடிதத்தில் 'தக்க நடவடிக்கை' என்று எழுதாமல், மின்பெட்டி எந்த இடத்தில், எத்தனை மீட்டருக்குப் பலகை இல்லை, கோடு எங்கே அழிந்திருக்கிறது என்று அளந்து, படம் எடுத்து இணையுங்கள். நடைபாதையில் நிற்கும் நம் ஊழியர்களின் வண்டிகளை எடுக்க யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். காருக்கு ஒதுக்கும் ஓர் இடம் 12 சதுர மீட்டருக்குக் குறையாது. அதில் எட்டுப் பத்து சைக்கிள் தாராளமாக நிற்கும். மூன்று பேர் சேர்ந்து வருகிற காருக்கு உள்ளே இடம், தனியாக வருகிற காருக்கு இல்லை என்று வைத்தாலே பாதிப் பேர் கூட்டாளி தேடுவார்கள்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். பத்து மணிக்குள் பயோமெட்ரிக்கில் விரல் வைக்காவிட்டால் பர்மிஷன், பர்மிஷன் தீர்ந்தால் சி.எல். என்ற நெருக்கடியில்தான் 9.55-க்கு ஓடும் வண்டிகளுக்கு நடுவே நம் ஆட்கள் ரோட்டைக் கடக்கிறார்கள். காலையில் அரை மணி தாமதமானால் மாலையில் அரை மணி கூடுதலாக இருக்கட்டும். பஸ் பயணிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கேட்டுக்கு உள்ளே வந்தால் குப்பை. இங்கேயும் கெட்டுப்போவது முதல் சில அடிகளில்தான், மேஜைக்கும் டிரம்முக்கும் நடுவில். அரசு அலுவலகத்தின் பெரிய குப்பை காகிதம். அதற்கு நம்மிடம் பழைய, நல்ல முறை இருக்கிறது. கோப்பை முடிக்கும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று போடுகிறோமே, அதாவது ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். எந்தக் காகிதம் எப்போது வெளியேறலாம் என்பது அதிலேயே இருக்கிறது. கெடு முடிந்த மூ.மு. கோப்புகளைக் கழிக்காமல் பதிவறையில் கரையான் அரிக்கும்வரை வைத்திருப்பதுதான் நட்டம். கரையானும் ஈரமும் பட்ட காகிதத்தைப் பழைய பேப்பர்காரர்கூட எடுக்க மாட்டார். நல்ல நிலையில் கொடுத்தால் ஆலையில் அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மையைப் பிரித்து, மறுபடி தாளாக்குவார்கள். கரூர் மாவட்டம் புகழூரில் இருக்கும் நம் டி.என்.பி.எல். காகித ஆலையில் கரும்புச் சக்கையோடு இப்படி மை நீக்கிய கூழும் பயன்படுகிறது. ஸ்டேப்ளர் பின் இருந்தால் பரவாயில்லை, ஆலை பிரித்துவிடும். பிளாஸ்டிக் ஃபைலையும் லேமினேட் செய்த அட்டையையும் நாம்தான் எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு எண்ணெய் பட்ட தாளை அதனோடு சேர்க்கவே கூடாது. எண்ணெய் கூழில் கலந்தால் பிரியாது.

நம் கையில் இருக்கிற இந்த டீ கப்பையும் பாருங்கள். காகிதக் கப் என்கிறோம். உள்பக்கம் நகத்தால் சுரண்டினால் மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரியும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகைப் பொருள்களில் இந்தக் கப்பும் உண்டு. உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டு, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பொருளைச் சாதாரணக் காகித ஆலை எடுக்காது. சூடான பானத்தை இதில் கால் மணி வைத்திருந்தால் 100 மில்லியில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு 2020-இல் காட்டியது. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் மேஜையில் இருந்தால், ஐம்பது பேர் இருக்கும் அலுவலகத்தில் இரண்டு வேளைக்கு நூறு கப் மிச்சம்.

மிச்சம் இருப்பது டிரம். ஒரே டிரம்மில் எல்லாம் விழுந்தால், சாம்பார் சாதத்துக்குள் கைவிட்டுக் காகிதத்தைப் பொறுக்குவது காலை ஆறு மணிக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா. அவருக்காகவாவது மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று ஒவ்வொரு தளத்திலும் இரண்டு டிரம் வையுங்கள், மூடியில் என்ன போடலாம் என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டுங்கள். எரிந்துபோன ட்யூப் லைட்டை இரண்டிலும் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைந்தால் அந்த ஆவியைச் சுவாசிக்கப் போவதும் அவர்தான். பழைய அட்டை உறையிலேயே நுழைத்து, பேட்டரி, கெட்டுப்போன கீபோர்டு, டோனர் இவற்றோடு ஸ்டோரில் ஒரு மூலையில் பூட்டி வைத்து, அந்தந்தக் கழிவுக்குப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். எப்போது, எத்தனை கொடுத்தோம் என்று இருப்புப் பதிவேட்டிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.