தாத்தாவின் சிரிப்புக்கு எத்தனை புள்ளி?

வா கண்ணா, இப்படி என் பக்கத்தில் உட்கார். தட்டில் மாம்பழம் இருக்கிறது, ஒன்று எடுத்துக்கொள். ஆனால் உடனே தின்றுவிடாதே, கொஞ்ச நேரத்தில் அது நமக்குத் தேவைப்படும். இன்று நாம் இருவரும் சேர்ந்து ஒரு கேமரா வாங்கப் போகிறோம். காசு வேண்டாம். மூளை போதும், அது உன்னிடம் நிறைய இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் என் தங்கை மகள் என்னிடம் ஓடி வந்தாள். அப்போது ஐந்தாம் வகுப்பு. கையில் இரண்டு விளம்பரத் தாள்கள். தாத்தாவுக்கு எண்பதாம் பிறந்தநாள் வரப்போகிறது. அவளுக்குத் தாத்தா, எனக்கு அப்பா. விழாவுக்காகச் சட்டைப்பையில் அடங்குகிற ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எது என்பதை நான்தான் சொல்வேன் என்று அவள் அடம்பிடித்திருந்தாள்.

"மாமா, இதுல 12 மெகா பிக்ஸல்னு போட்டிருக்கு. இதுல 20. இருபதுதானே பெருசு? அதையே வாங்கிடலாமா?"

"மெகா பிக்ஸல்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "தெரியல மாமா. ஆனா தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

எவ்வளவு அழகான பதில்! உனக்கும் அதே ஆசைதானே?

வாசலில் அம்மாவோ பாட்டியோ புள்ளிக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பாய். முதலில் புள்ளிகளை வரிசை வரிசையாக வைப்பார்கள். கேமராவுக்குள்ளும் அப்படி ஒரு புள்ளிக் கோலம் உண்டு. லென்ஸுக்குப் பின்னால் உன் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சில்லு இருக்கும். அதன் பெயர் சென்சார். அதன்மேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த வெளிச்சத்தை அளந்து ஓர் எண்ணாகச் சொல்லும். இங்கே இருட்டு, இங்கே மங்கல், இங்கே பளிச்! அந்த எண்களை அதே வரிசையில் திரும்ப அடுக்கினால் படம் வந்துவிடும். அந்தப் புள்ளிதான் பிக்ஸல். பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகா பிக்ஸல்.

அப்படியானால் 12 மெகா பிக்ஸல் என்றால்? ஆமாம், ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். கெட்டிக்காரப் பிள்ளை!

இந்தப் புள்ளிக் கோலத்தின் தொடக்கம் ரொம்பச் சின்னது. 1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர், கையில் தூக்கிச் செல்லக்கூடிய முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். பாட்டுக் கேட்பதற்கு அந்தக் காலத்தில் இருந்ததே, கேசட், அதில்தான் படம் பதிந்தது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பதிய 23 விநாடி. எத்தனை புள்ளிகள் தெரியுமா? நூறு வரிசை, வரிசைக்கு நூறு. மொத்தமே பத்தாயிரம். மார்கழியில் தெருவே கூடிப் போட்டால் அந்தக் கோலத்தைப் போட்டு முடித்துவிடலாம்!

இப்போது ஒரு கணக்கு. தாத்தாவின் படத்தை ஆறுக்கு நாலு அங்குலத்தில் அச்சிட்டு ஆல்பத்தில் வைக்கப் போகிறோம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் நம் கண்ணுக்குப் புள்ளியே தெரியாது, வழவழப்பாக இருக்கும். 6 பெருக்கல் 300, 1800. 4 பெருக்கல் 300, 1200. இரண்டையும் பெருக்கு. 21 லட்சத்து 60 ஆயிரம். அதாவது 2 மெகா பிக்ஸலும் கொஞ்சமும். பெரிதாக்கி ஏ4 தாள் அளவில் சுவரில் மாட்டினால்கூட 9 மெகா பிக்ஸலுக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டே தாராளம்.

"சரி மாமா. ஆனா இருபது இருந்தா நல்லதுதானே? கெடுதல் இல்லையே?" என்றாள் அவள். விடமாட்டாள். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எங்கே அந்த மாம்பழம்? அதை எட்டுத் துண்டாக வெட்டினால் ஆளுக்கு நல்ல கதுப்பு கிடைக்கும். இருபது துண்டாக வெட்டினால்? ஆளுக்கு ஒரு கீற்று. மாம்பழம் என்னவோ ஒன்றுதான், வளரவில்லை. சென்சார்மேல் விழும் வெளிச்சம்தான் மாம்பழம். புள்ளிகள் அதைத் தின்ன வரும் பிள்ளைகள். பழத்தைப் பெரிதாக்காமல் பிள்ளைகளை மட்டும் கூட்டினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும்.

பங்கு குறைந்தால் என்ன ஆகும்? இது இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மெதுவாகப் படி.

மழை வரும்போது ஒரே அளவு டம்ளர்கள் நாலைந்தை மொட்டை மாடியில் வரிசையாக வை. லேசான தூறல். ஐந்து விநாடியில் எடுத்துவிடு. ஒன்றில் இரண்டு துளி, அடுத்ததில் ஐந்து, இன்னொன்றில் மூன்று. மழை எல்லா டம்ளருக்கும் பொதுவாகத்தான் பெய்தது. ஆனாலும் கணக்கு ஏறுமாறாக இருக்கிறது. இப்போது சோவென்று பெய்யும் மழையில் கால்மணி நேரம் வை. எல்லா டம்ளரிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும்.

வெளிச்சமும் துளித்துளியாகத்தான் வருகிறது கண்ணா. அந்தத் துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். தாத்தாவின் வேட்டி முழுக்க ஒரே வெள்ளை. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு துளி, பக்கத்துப் புள்ளிக்கு ஐந்து துளி என்றால் கேமரா என்ன செய்யும்? ஒன்றைக் கறுப்பாகவும் மற்றதை வெளுப்பாகவும் காட்டும். வேட்டிமேல் மணல் தூவியது போல இருக்கும். படம் கிரெயின்ஸ் அடிக்குது என்று போட்டோகிராபர்கள் சொல்வது இதைத்தான்.

புரிந்ததா? புரியவில்லை என்றால் டம்ளர்களிடம் திரும்பிப் போய் வா. அவசரமே இல்லை.

"வீட்டுக்குள் டியூப்லைட் எரிகிறதே, வெளிச்சத்துக்கு என்ன குறை?" என்று கேட்கலாம். நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. நண்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் நம் கூடத்தில் சில நூறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உண்டு. கண்ணும் மூளையும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்வதால் நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு உறைக்கும். குடும்பப் படங்களை நாம் எங்கே எடுக்கிறோம்? கூடத்தில், சமையலறையில், கல்யாண மண்டபத்தில், பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகு. எல்லாம் தூறல் நேரங்கள்.

அதனால் கடைக்காரரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சென்சார் எவ்வளவு பெரிசு?"

அன்று இரண்டு தாளிலும் அதைப் பொடி எழுத்தில் தேடிப் பிடித்தோம். இருபதில் 1/2.3 அங்குலம் என்றிருந்தது. பன்னிரண்டில் 2/3 அங்குலம். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களின் கண்ணாடிக் குழாயை வைத்து வந்த பெயர்கள் இவை. ஸ்கேலை வைத்து அளந்தால் அந்த அங்குலம் வராது. உண்மை அளவை நான் சொல்கிறேன், நீ நோட்டில் வரைந்து பார். முதலாவது சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6. இரண்டாவது 8.8க்கு 6.6. பரப்பைக் கண்டுபிடி. இரண்டாவது முதலாவதைப் போல இரண்டு மடங்கு! பழம் இரண்டு மடங்கு, பிள்ளைகளோ கம்மி. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் கிடைக்கிறது.

இன்னும் பெரிய சென்சாரும் உண்டு. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 என்ற குட்டிக் கேமராவில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் சென்சார் வைத்தார்கள். அதையும் பக்கத்தில் வரைந்துகொள். விலை கூடத்தான். அன்று எங்கள் கைக்கு அது எட்டவில்லை.

நிறம் எப்படி வருகிறது என்று கேட்கிறாயா? புள்ளிக்கு நிறமே தெரியாது! ஒவ்வொரு புள்ளிமேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒரு நிறச் சன்னல் இருக்கும். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, மீதியில் சரிபாதி சிவப்பு, நீலம். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நுணுக்கமான விவரங்களை நம் கண் பச்சையில்தான் நன்றாகப் பிரித்தறியும் என்பதால் பச்சைக்கு அந்தச் சலுகை. சன்னல் மற்ற நிறங்களைத் தடுத்துவிடுவதால் புள்ளியின் பங்கு இன்னும் குறைகிறது, பார்த்தாயா?

அடுத்து, வெளிச்சம் நுழையும் வாசல். லென்ஸின்மேல் எஃப் என்று போட்டு ஓர் எண் இருக்கும். இது கொஞ்சம் வேடிக்கையான எண். சின்னதாக இருந்தால் வாசல் பெரிது. எங்கள் பன்னிரண்டில் எஃப் 2. இருபதில் எஃப் 3.3. எஃப் 2இல் இரண்டரை மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். (எட்டாம் வகுப்பு அண்ணன் அக்காவுக்கு மட்டும்: லென்ஸின் குவியத் தொலைவை வாசலின் விட்டத்தால் வகுத்தால் வருவதே அந்த எண். அதனால்தான் தலைகீழ்.)

வாசலுக்குக் கதவும் உண்டு. அது ஷட்டர். பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள். முதல் மணிக்குக் கதவு திறக்கிறது, கடைசி மணிக்கு மூடுகிறது. இடையில் உள்ளே வந்த வெளிச்சம்தான் படம். வெயிலில் ஆயிரத்தில் ஒரு விநாடி போதும். இரவில் கூடத்துக்குள் பதினைந்தில் ஒரு விநாடிகூடத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். காற்றில் துடிக்கும் பட்டத்தின் வாலை ஆயிரத்தில் ஒரு விநாடியில் எடுத்தால், அதில் கட்டிய துணியின் முடிச்சுவரை தெரியும். பதினைந்தில் ஒரு விநாடியில் எடுத்தால் வால் புகையாக இழுபட்டுப் போகும். உன் தம்பிப் பாப்பாவும் ஒரு பட்டம்தான், ஒரு நொடி நிற்க மாட்டான்.

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி என்று விளம்பரத்தில் இருக்கும். உன் கை ஆடும்போது உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். அருமையான வசதி, இருந்தால் நல்லது. ஆனால் அது உன் கையைத்தான் பார்த்துக்கொள்ளும். ஓடுகிற தம்பியை நிறுத்தி வைக்க அதால் முடியாது. அதற்கு வெளிச்சம்தான் வேண்டும்.

"ஃபிளாஷ் போட்டா?" என்றாள். அகல் விளக்குப் பக்கத்தில் புத்தகத்தைப் பிடி, பிறகு இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் பிடி. வெளிச்சம் பாதியாவதில்லை, நாலில் ஒரு பங்காகிவிடும். ஃபிளாஷும் அப்படித்தான். முன்வரிசை அத்தை சுண்ணாம்பாய் வெளுத்துப் போவார், பின்வரிசைச் சித்தப்பா இருட்டில் மறைந்துபோவார்.

ஜூம் விஷயத்தில் மட்டும் இருபது ஜெயித்தது. 30 மடங்கு ஜூம்! பன்னிரண்டில் வெறும் 4. ஆனால் கூடத்தில் தாத்தா உட்காரும் நாற்காலி எவ்வளவு தூரம்? பத்தடி. முப்பது மடங்கை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? அதோடு, முழு ஜூம் போட்டால் அந்தக் கேமராவில் வாசல் எஃப் 6.4 ஆகச் சுருங்கியது. வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பறவை பார்க்கப் போகிற பிள்ளையாக இருந்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். டிஜிட்டல் ஜூம் என்பது வேறு, அதை நம்பாதே. அது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்குவது போலத்தான். புதிதாக ஒரு புள்ளிகூடச் சேராது.

இப்போது எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது. அதன் சென்சாரும் பெரும்பாலும் சின்னதுதான். ஆனால் அது கெட்டிக்காரத்தனமாக, மின்னல் வேகத்தில் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. பல தூறல்களை ஒரே டம்ளரில் பிடிப்பது மாதிரி! அதனால் நல்ல போன் ஒன்று வீட்டில் இருந்தால், சின்ன சென்சார் கேமராவுக்கு அப்பாவின் காசைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

கடைக்குப் போகும்போது நாங்கள் சொந்தமாக ஒரு மெமரி கார்டு கொண்டுபோனோம். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கடையின் இருட்டு மூலை ஒன்றில் என் முகத்தை அவள் இரண்டு கேமராவிலும் எடுத்தாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் என் மீசை முடி முடியாக இருந்தது. மற்றதில் கறுப்பு மையாக இருந்தது. எது எது என்று உனக்கே தெரியும்.

பன்னிரண்டையே வாங்கினோம். பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் ஆகும்வரை பொறுத்து, பிறகு முழுதும் அழுத்த அவளுக்கு ஒரு வாரம் பழக்கிக்கொடுத்தேன்.

விழா அன்று மாலை கூடத்தில் எண்பது அகல் விளக்கு ஏற்றினார்கள். டியூப்லைட்டை அணைத்தார்கள். எல்லார் கையிலும் ஃபிளாஷ் மின்னியது. அவள் மட்டும் ஃபிளாஷை நிறுத்திவிட்டு, முழங்கைகளை மேசைமேல் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, தாத்தா சிரித்தார். பொத்தானை அழுத்திவிட்டாள்.

பத்து நாள் கழித்து அச்சிட்ட படத்தைத் தாத்தாவிடம் கொடுத்தாள். அவர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "விளக்கெல்லாம் தனித்தனியாத் தெரியுதே! எண்பதும் இருக்கா, எண்ணும்மா" என்றார்.

விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். "எழுபத்தாறு தாத்தா. மீதி நாலும் அத்தைக்குப் பின்னாடி இருக்கு."