வரி பூச்சியம் என்றால் சட்டம் பூச்சியமா?

ஒரு பொருளுக்கு வரி நீங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால் வியாபாரிக்குச் சந்தோஷம்தான். ஆனால் வரி நீங்குவது வேறு, சட்டம் நீங்குவது வேறு. பல வருடங்களுக்கு முன் "தீர்வை இல்லை" என்ற ஒரே பேச்சை நம்பி நான் ஒரு சரக்கை இறக்கினேன். தீர்வை இல்லாதது உண்மைதான். ஆனால் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்பதை நான் பார்க்கவில்லை. சரக்கு துறைமுகத்தில் கிடந்த நாட்களுக்குக் கட்டிய டெமரேஜ், அதில் வரவிருந்த இலாபத்தையும் மிஞ்சிவிட்டது.

இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே சில வகைத் துவக்குகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போது அறவிடப்படும் வரியே அது. சரக்கு நமக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் அந்த வரியின் கணக்கு எல்லா வியாபாரிகளுக்கும் உதவும்.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. அக்காலத்தில் குற்றக் கும்பல்கள் இயந்திரத் துவக்குகளோடு வீதிக்கு வந்தன. அவற்றை நேரடியாகத் தடை செய்ய மத்திய அரசுக்கு அரசியலமைப்பில் அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் எழுந்தது. வரி விதிக்கும் அதிகாரத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. எனவே 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன்கள் சட்டம் ஒரு வரிச் சட்டமாகவே வந்தது. இயந்திரத் துவக்கு, குழாய் குறுகிய துவக்கு, சத்தம் குறைக்கும் சைலன்சர் ஆகியவை கைமாறும் ஒவ்வொரு தடவையும் 200 டொலர் வரி. அன்று ஒரு தொம்சன் இயந்திரத் துவக்கின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, பணம் சேர்ப்பதற்காக அல்ல, வாங்க வருபவனைத் திருப்பி அனுப்புவதற்காகவே இந்த வரி போடப்பட்டது.

வரியோடு பதிவும் வந்தது. இன்று கைமாற்றத்துக்கு விண்ணப்பப் படிவம், கைவிரல் அடையாளம், புகைப்படம், பின்னணிப் பரிசோதனை எல்லாம் வேண்டும். அனுமதி வருமுன் பொருளைக் கையளிக்கக் கூடாது. மீறினால் 10 வருடம் வரை சிறை. சட்டப்படி வரியைக் கட்ட வேண்டியவர் கொடுப்பவர். ஆனால் பணம் போவது பெரும்பாலும் வாங்குபவரின் பையிலிருந்துதான். இவ்விடயத்தில் உலகம் முழுவதும் ஒரே வழக்கம்தான் போலும்!

துவக்கு வியாபாரிகளுக்கும் இச்சட்டம் வருடாந்த வரி விதித்தது. அதைக் கட்டாத ஒரு வியாபாரியின் வழக்கு 1937இல் உயர் நீதிமன்றம் வரை போனது. சொன்சின்ஸ்கி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். இது வரியல்ல, வரி வேடத்தில் வந்த தடை என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு வரி வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்காக அது வரியல்லாமல் போகாது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் 200 டொலர் என்ற தொகையைப் பிறகு யாரும் உயர்த்தவில்லை. 1934இன் 200 டொலர் இன்றைய பெறுமதியில் 4,500 டொலருக்கும் மேல். ஆளைத் தடுத்து நிறுத்திய வரி, காலம் போகப் போக வெறும் சில்லறைச் செலவாகிவிட்டது. நிலையான தொகையில் போடும் வரியைப் பணவீக்கமே தின்றுவிடும். வீதத்தில் போடும் வரி அப்படியல்ல, விலையோடு சேர்ந்து அதுவும் ஏறும். கலிபோர்னியா மாநிலம் 2024 ஜூலை 1 முதல் துவக்கு, தோட்டாக்களின் சில்லறை விற்பனைக்கு 11 வீத வரியைக் கொண்டுவந்தது. கொலராடோ மக்கள் 2024 நவம்பரில் வாக்களித்து 6.5 வீத வரியை ஏற்றார்கள். இரண்டு இடத்திலும் மிகச் சிறிய விற்பனையாளருக்கு விலக்கு உண்டு.

இதற்கு நேர்மாறாக மத்திய அரசு நடந்தது. 2025இல் வந்த பெரிய வரவுசெலவுச் சட்டமூலத்தில் சைலன்சர்களை 1934ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நீக்கப் பிரேரித்தார்கள். ஆனால் அந்தச் சட்டமூலம் சென்ற விசேட வழியில் அரசின் வரவுசெலவோடு நேரடித் தொடர்புள்ள விடயங்களை மட்டுமே சேர்க்கலாம். பதிவை நீக்குவது அதற்குள் அடங்காது என்று செனட் சபையின் விதிமுறை ஆலோசகர் சொல்லிவிட்டார். எஞ்சியது வரி வீதம் மட்டும். 2025 ஜூலை 4இல் ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்டார். 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குழாய் குறுகிய துவக்குகளுக்கும் வரி பூச்சியம். இயந்திரத் துவக்குக்கும் குண்டு வகைகளுக்கும் அதே 200 டொலர்.

அப்படியானால் படிவம்? அது அப்படியே இருக்கிறது. கைவிரல் அடையாளமும் அனுமதியும் அப்படியே. "வரிதான் இல்லையே" என்று நினைத்து அனுமதி வருமுன் சைலன்சரைக் கையளிக்கும் கடைக்காரர் குற்றவாளியாகிறார். வரி பூச்சியமான பின் வரியை ஆதாரமாகக் கொண்ட பதிவு எப்படி நிற்கும் என்று கேட்டு வழக்குகளும் தொடரப்பட்டன. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நீதிமன்றம் வேறு சொல்லும் வரை கடைக்காரரைக் கட்டுப்படுத்துவது எழுதப்பட்டுள்ள சட்டமே.

எனவே எந்த வரிப் பிரேரணை வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தச் செயலுக்கு வரி: செய்வதற்கா, விற்பதற்கா, கைமாற்றுவதற்கா? சட்டப்படி கட்ட வேண்டியவர் யார்? நிலையான தொகையா, வீதமா? வரி நீங்கினாலும் நீங்காத கடமை எது? முதல் மூன்றையும் கணக்கப்பிள்ளை பார்த்துச் சொல்வார். நான்காவதை மட்டும், சரக்கை அசைப்பதற்கு முன் கடை முதலாளியே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அதை டெமரேஜ் கட்டித்தான் படித்தேன்.