கர்ப்பப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்டால்

சென்ற இதழில் கருக்குழாய் அடைப்பைப் பார்த்தோம். குழாய் திறந்திருக்கிறது, ஓமோன் சோதனை சரி, கணவருடைய விந்துச் சோதனையும் சரி, மாதவிடாய் மட்டும் குறைந்து குறைந்து நின்றேவிட்டது என்று ஒரு பெண் சொன்னால், முதலில் கேட்கவேண்டியது இதுதான்: "முந்தி எப்பவாவது டி அன் சி செய்தவையா?"

கருச்சிதைவுக்குப் பின்னும், பிரசவத்தில் நச்சுக்கொடி தங்கினாலும் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுண்டு. அதுதான் டி அன் சி. உட்சவ்வின் மேற்படை மாதந்தோறும் உதிர்ந்து, அடிப்படையிலிருந்து மறுபடி வளரும். கருவி அந்த அடிப்படையையும் வழித்துவிட்டால் வளர எதுவும் மிஞ்சாது. முன்சுவரும் பின்சுவரும் வடுவால் ஒட்டிக்கொள்ளும். ஜேர்மனியில் ஹென்ரிச் ஃபிரிட்ஷ் 1894 இலேயே இதை எழுதினார். 1948 இல் ஜோசப் அஷெர்மன் 29 பெண்களை ஆராய்ந்து எழுதியபின் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய ஊர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கிருந்து பட்டினம் வருவோர் துறையில் பாதைப் படகுக்காகக் காத்திருந்தார்கள். போரும் சேர்ந்த அந்த நாட்களில் இரத்தப்போக்கோடு வந்த தாய்க்கு அந்தச் சுரண்டல்தான் உயிர் தந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். பிறகு வரும் மௌனம்தான் கொடுமை. பிள்ளையில்லாதவள் கோணேசர் கோயிலில் தொட்டில் கட்டுகிறாள், நேர்ச்சை வைக்கிறாள், ஊர்ப்பேச்சைச் சுமக்கிறாள். பழைய டி அன் சியைப் பற்றி அவளிடம் கேட்பாரில்லை.

சாதாரண ஸ்கேனில் இது தப்பிவிடலாம். சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே சந்தேகத்தை எழுப்பும். உறுதிசெய்வது ஹிஸ்டெரோஸ்கோப்பி: கர்ப்பப்பை வாய்வழியே மெல்லிய கமராவைச் செலுத்தி நேரே பார்ப்பது. அதே வழியில் சிறு கத்தரியால் ஒட்டுகளை வெட்டிவிடலாம். திரும்ப ஒட்டாதிருக்கச் சில நாள் உள்ளே பலூன் வைப்பதும், ஈஸ்ட்ரஜன் மாத்திரை தருவதும் வழக்கம். மெல்லிய ஒட்டு என்றால் நம்பிக்கை அதிகம். கடுமையானது மீண்டும் ஒட்டக்கூடும். இதைச் சிகிச்சைக்கு முன்பே அவளுக்குச் சொல்லிவிடவேண்டும். கரு தங்கியபின்னும் கவனம் தேவை. நச்சுக்கொடி ஆழமாகப் பதியும் ஆபத்து இருப்பதால், பிரசவம் இரத்த வங்கி உள்ள பெரிய வைத்தியசாலையில்தான் நடக்கவேண்டும். கர்ப்பப்பைக்குள் பார்க்காமலே இலட்சங்களைக் கொட்டி ஐ.வி.எஃப். செய்யச் சொல்வது அநியாயம்.

சுரண்டலே நடக்காமல் ஒட்டியிருந்தால் காசநோயைச் சந்தேகிக்கவேண்டும். இருமல் இல்லாமலே அது கர்ப்பப்பையில் குடியிருக்கும். அதற்கு ஓர் இதழ் தனியாக வேண்டும்.

கூர்க்கருவியால் சுரண்டுவதை விடுத்து, உறிஞ்சி எடுக்கும் முறையையோ மாத்திரையையோ பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்களுக்கு வேறு வழி உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தங்கைமாரே, டி அன் சி செய்தபோது தந்த டயக்னோசிஸ் காட்டை எறிந்துவிடாதீர்கள். அதன்பின் மாதவிடாய் குறைந்திருந்தால், அல்லது இரத்தம் வராமல் மாதாமாதம் வயிற்றுவலி மட்டும் வந்தால், அந்தக் காட்டை உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் காட்டி, மகப்பேற்று நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.